முதலில் உடம்பு, கடைசியில் சக்கரம்

1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர். எல்லோரும் சேர்ந்து ஓட்டுவதல்ல. இடைவெளி விட்டு ஒவ்வொருவராகக் கிளம்பிக் கடிகாரத்தோடு மோதும் ஓட்டம். பிரான்ஸின் லோரான் ஃபின்யோன் மொத்தக் கணக்கில் 50 விநாடி முன்னால் இருந்தார். இவ்வளவு குறைந்த தூரத்தில் அதை யாராலும் பறிக்க முடியாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அமெரிக்கரான கிரெக் லெமாண்ட் பறித்தார். அன்றைக்கு அவர் ஃபின்யோனைவிட 58 விநாடி வேகமாக வந்தார். மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிய பந்தயம் வெறும் 8 விநாடியில் முடிவானது.

இருவரின் சைக்கிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஃபின்யோனின் சைக்கிளில் முன்னும் பின்னும் கம்பியே தெரியாத மூடிய சக்கரங்கள், அதாவது டிஸ்க் வீல்கள். லெமாண்டுக்குப் பின்னால் மட்டும்தான் டிஸ்க். முன் சக்கரம் கம்பி வைத்ததே. சக்கரத்தை மட்டும் பார்த்தால் ஃபின்யோன்தான் ஒரு படி மேலே. ஆனால் லெமாண்டின் ஹேண்டில்பாரில் முன்னோக்கி நீண்ட ஒரு குழாய் இருந்தது. முழங்கைகளை ஒடுக்கி வைத்து, கைகளை முன்னால் நீட்டி, முதுகைத் தாழ்த்திக் காற்றுக்கு அடியில் நுழைந்துபோக அது வசதி செய்தது. தலையில் காற்றை வழுக்கிவிடும் ஹெல்மெட். ஃபின்யோனோ கைகளை அகலமாக வைத்து, ஹெல்மெட் இல்லாமல், குதிரைவால் முடி பறக்க ஓட்டினார். அவருக்கு இருக்கை படும் இடத்தில் புண் வேறு. சரியாக உட்காரவே முடியவில்லை. ஆகவே எல்லாப் புகழையும் அந்தக் குழாய்க்கே கொடுத்துவிட முடியாது. இருந்தாலும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானுக்கு முதல் சைக்கிள் வாங்கக் கிளம்பும் ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த அரைமணி நேர ஓட்டத்திலேயே இருக்கிறது: உடம்பின் நிலை, இருக்கையின் சுகம், அதன் பிறகுதான் சக்கரம்.

‘ஏரோ பார்’ எனப்படும் அந்தக் குழாயை லெமாண்டுக்கு முன்பே டிரையத்லான்காரர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பனிச்சறுக்குப் பயிற்சியாளரான பூன் லென்னன், சரிவில் இறங்கும் வீரர்கள் உடலைக் குறுக்கிக்கொள்வதைப் பார்த்து உருவாக்கியது அது. ஸ்காட் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டூர் டி பிரான்ஸ் போன்ற பந்தயங்களுக்கு மரபும் கட்டுப்பாடும் அதிகம். டிரையத்லான் அப்போது புது விளையாட்டு. 1978-ல் ஹவாயில் 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்த முதல் ‘அயன்மேன்’ பந்தயத்துக்குப் பிறகு பத்து வருடம்தான் ஆகியிருந்தது. ‘இதெல்லாம் கூடாது’ என்று சொல்லப் பெரியவர்கள் யாரும் இல்லாத விளையாட்டில் புதுச் சாமான்கள் சுலபமாக நுழைந்தன.

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் கலிபோர்னியாவின் டான் எம்ஃபீல்ட். அவர் தொடங்கிய குவின்டானா ரூ நிறுவனம் 1980-களின் இறுதியில் ‘சூப்பர்ஃபார்ம்’ என்ற சைக்கிளைக் கொண்டுவந்தது. டிரையத்லானுக்கென்றே வடிவமைத்த முதல் சைக்கிள் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இருக்கையைத் தாங்கும் குழாய் சாதாரண ரோட் பைக்கில் 73 டிகிரி அளவில் பின்பக்கம் சாய்ந்திருக்கும். எம்ஃபீல்ட் அதை 80 டிகிரிக்கு அருகே நிமிர்த்தினார். இதனால் இருக்கை முன்னுக்கு வருகிறது. முதுகைத் தாழ்த்தினால் தொடை வயிற்றில் இடிக்க வேண்டும் அல்லவா? இடுப்பும் சேர்ந்து முன்னே வந்துவிட்டதால் இடிப்பதில்லை. பெடலை மையமாக வைத்து முழு உடம்பையும் முன்னோக்கிச் சற்றே சுழற்றியதுபோல ஒரு நிலை கிடைக்கிறது. அப்படி ஓட்டி இறங்கியவர்களுக்கு அடுத்து வரும் ஓட்டமும் எளிதாக இருக்கிறது என்பது அனுபவசாலிகள் பலரின் கணிப்பு.

இன்றைக்கு இந்த விளையாட்டு நமக்குத் தூரத்துச் சங்கதி அல்ல. 2018-ல் கொழும்பிலும் 2019-ல் கோவாவிலும் ‘அயன்மேன் 70.3’ பந்தயங்கள் வந்தன. 1.9 கிலோமீட்டர் கடல் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3. கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்பே விளக்கு மினுக்கிக்கொண்டு போகும் சைக்கிள்களில் ஒருசில இந்தப் பந்தயத்தை மனத்தில் வைத்து ஓடுபவை. புதிதாகச் சேருகிறவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “எந்த வீல் வாங்கலாம்?” கேள்வியில் தப்பில்லை, அது வரவேண்டிய இடம் வரிசையின் கடைசி.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. வேகம் இரட்டித்தால் காற்றை வெல்லத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். அந்தக் காற்றுத் தடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஓட்டுகிறவரின் உடம்பால் வருவது. சைக்கிளும் சக்கரமும் பாட்டிலும் சேர்ந்து மிச்சம். இன்னொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இந்த வகைப் பந்தயத்தில் முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் 12 மீட்டர் இடைவெளி வேண்டும். நெருங்கினால் அபராதம். (ஒலிம்பிக்கில் கூட்டமாக ஓட்டலாம், அதனால் அங்கே வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோட் பைக்தான்.)

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, சமதரை, காற்றில்லாத காலை என்று வைத்துக்கொள்வோம். நிமிர்ந்த நிலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் போக ஏறத்தாழ 160 வாட் தேவைப்படும். அதே ஆள், அதே 160 வாட்டில், ஏரோ பாரில் ஒழுங்காகப் படுத்து ஓட்டினால் வேகம் 32-ஐத் தொடும். மூன்று மணி நேரம் பிடிக்கும் 90 கிலோமீட்டர் 2 மணி 49 நிமிடத்தில் முடிந்துவிடும். பதினொரு நிமிடம்! ஒரு சொட்டு வியர்வைகூட அதிகம் சிந்தாமல் கிடைப்பது. எந்தச் சக்கரமும் இவ்வளவு தராது.

ஆகவே முதல் சைக்கிளுக்கு நல்ல யோசனை, ஏற்கெனவே இருக்கும் ரோட் பைக்கிலேயே ஏரோ பாரைப் பூட்டிக்கொள்வது. சில ஆயிரம் ரூபாயில் வேலை முடியும். ஆனால் பூட்டியதோடு விட்டுவிட்டால் பிரச்சினைதான். ரோட் பைக்கின் இருக்கை பின்னால் இருப்பதால் கைகள் எட்டாமல் உடம்பு இழுபடும். முதுகும் கழுத்தும் புகார் சொல்லும். இருக்கையை முன்னுக்குத் தள்ள வேண்டும். முன்னுக்குத் தள்ளினால் பெடலுக்கும் இருக்கைக்கும் உள்ள தூரம் குறையும். ஆகவே கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும். இருக்கைக்கு அடியில் உள்ள தண்டவாளக் கம்பிகளில் போதிய இடம் இல்லாவிட்டால் முன்பக்கம் வளைந்த சீட் போஸ்ட் கிடைக்கும். இத்தனையும் செய்து ஒன்றிரண்டு பந்தயம் ஓட்டிப் பார்த்து, ‘இந்த விளையாட்டு நமக்கு ஒத்துவருகிறது’ என்று தெரிந்த பிறகு டிரையத்லான் பைக் பக்கம் போகலாம்.

அதற்கும் முன்னால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஏரோ பாரில் படுத்திருக்கும்போது கை பிரேக்கில் இருக்காது. பிரேக் பிடிக்கக் கையை எடுத்துப் பக்கவாட்டுக் கொம்புக்குக் கொண்டுபோக வேண்டும். நாய் குறுக்கே பாயும், ஆட்டோ திடீரென்று நிற்கும், வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு இருக்காது. நகரத்துக்குள்ளேயும், நண்பர்கள் கூட்டமாகப் போகும்போதும் ஏரோ பாரைத் தொடாமலிருப்பதுதான் மரியாதை. வாரத்தில் நான்கு நாள் ஊருக்குள் ஓட்டி ஒரு நாள் மட்டும் நெடுஞ்சாலையைப் பார்க்கிறவருக்கு ரோட் பைக்கே கூடுதல் பயன்.

சரி, டிரையத்லான் பைக்தான் என்று முடிவாகிவிட்டது. இங்கேதான் பலர் பெயிண்ட்டைப் பார்த்து மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியவை இரண்டு எண்கள்: ஸ்டாக், ரீச். பெடல் அச்சின் நடுவிலிருந்து, ஹேண்டில்பாரைத் தாங்கும் சட்டக் குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பது ரீச். இவற்றைச் சைக்கிள் உலகில் பரப்பியவரும் அதே எம்ஃபீல்ட்தான். ஒரு கம்பெனியின் ‘மீடியம்’ இன்னொரு கம்பெனியின் ‘மீடியம்’ ஆகாது. 54 என்று எழுதியிருப்பதும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. சட்டைக்கு ‘எல்’ என்ற எழுத்தை நம்பாமல் தோளையும் கைநீளத்தையும் அளக்கும் தையல்காரர்போல, இந்த இரண்டு மில்லிமீட்டர் கணக்குகளைத்தான் நம்ப வேண்டும். தாழ்வாக இருக்கும் சைக்கிளில் முழங்கைத் திண்டுகளுக்கு அடியில் கட்டைகள் வைத்து உயர்த்திக்கொள்ளலாம். அளவுக்கு மீறி நீளமாக இருப்பதைச் சுருக்குவது கடினம். இரண்டு அளவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர் இதை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் ‘முதலில் பைக் ஃபிட்டிங், பிறகு பைக்’ என்கிறார்கள். நம்மூர் வழக்கம் நேரெதிர். ஃபிட்டிங் செய்கிறவர் முதலில் ஆளை அசையும் அளவுச் சட்டத்தில் உட்காரவைத்து, ஓட்டவிட்டு, எந்த நிலையில் உடம்பு நிம்மதியாக இருக்கிறது என்று கண்டுபிடிப்பார். அதிலிருந்து எண்கள் வரும்; எண்களுக்கு ஏற்ற சைக்கிளைத் தேடலாம். தலைகீழாகச் செய்தால், வாங்கிய சைக்கிளுக்கு ஏற்ற மாதிரி உடம்பை வளைக்க வேண்டிவரும்.

ஃபிட்டிங்கில் நடப்பது மாயாஜாலம் இல்லை. பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் முழுக்க நீளாமல் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்கும்படி இருக்கையின் உயரத்தை வைப்பார்கள். வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு பழைய வழி உண்டு: குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக வேண்டும், பாதத்தின் முன்பகுதியை வைத்தால் தானாக மடிப்பு வந்துவிடும். இடுப்பு இடமும் வலமும் ஆடுகிறதென்றால் இருக்கை உயரம் அதிகம்.

பிறகு இருக்கை. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச நமக்குக் கூச்சம். அதனாலேயே பலர் மரத்துப்போகும் வலியோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முன்னோக்கிச் சுழன்று படுக்கும்போது எடை உட்காரும் எலும்புகளிலிருந்து விலகி, தொடைகளுக்கு நடுவே இருக்கும் மென்மையான இடத்துக்குப் போகிறது. அங்கே நரம்பும் ரத்தக் குழாயும் நசுங்கினால் மரத்துப்போகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் இது பொது. பஞ்சு உறையோ ஜெல் உறையோ போட்டால் தீராது. சில சமயம் இன்னும் மோசமாகும். முன்மூக்கு இரண்டாகப் பிளந்த இருக்கைகள் இதற்கென்றே வந்தவை. எது பொருந்தும் என்பதை உட்கார்ந்து ஓட்டித்தான் சொல்ல முடியும். பட்ஜெட்டில் முதலில் ஒதுக்க வேண்டிய பணம் இதற்குத்தான் என்றால் சிலர் சிரிப்பார்கள். இரண்டாவது மணி நேரத்தில் சிரிப்பு வராது.

முன்பக்கத்தில், முழங்கைகள் தோளுக்குச் சற்று முன்னால் திண்டில் உட்கார வேண்டும். தசை பிடித்துக்கொண்டு தாங்காமல் எலும்பே எடையைத் தாங்க வேண்டும். தோள் காதுவரை ஏறியிருந்தால் ஏதோ தப்பு. கண்ணை உயர்த்தினால் கழுத்து நோகாமல் சாலை தெரிய வேண்டும். இந்த இடத்தில் புதியவர்கள் செய்வது, உலக சாம்பியனின் படத்தைப் பார்த்து அவரளவுக்குத் தாழ்த்திக்கொள்வது. அவர் முழு நேரமும் அப்படியே கிடப்பார். இவர் நாற்பதாவது கிலோமீட்டரில் நிமிர்ந்து உட்காருவார்; நிமிர்ந்த அந்த நொடியே ஏரோ பாரின் லாபம் போயிற்று. 3 சென்டிமீட்டர் உயரமாக இருந்தாலும் 90 கிலோமீட்டரும் தாங்கும் நிலைதான் வேகமான நிலை. அந்த நிலையிலேயே தண்ணீர் குடிக்கவும் தின்னவும் முடிய வேண்டும். முழங்கைகளுக்கு நடுவே பாட்டில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அதற்காகவே வந்தது.

பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்கின் நீளம் பற்றி ஒரு வார்த்தை. கடையில் வரும் சைக்கிள்களில் 170 அல்லது 172.5 மில்லிமீட்டர் இருப்பது வழக்கம். குட்டையானவருக்கு அது பெரிது. 165 அல்லது அதற்கும் குறைவாக மாற்றினால், பெடல் மேலே வரும்போது முழங்கால் அவ்வளவு உயராது, இடுப்பு நெரியாது. அதிகம் பேசப்படாத, ஆனால் காசுக்கு ஏற்ற மாற்றம் இது.

செகண்ட் ஹேண்டில் டிரையத்லான் பைக்குகள் நல்ல நிலையில் கிடைப்பதுண்டு. ஒரு பந்தயத்தோடு ஆசை தீர்ந்தவர்கள் விற்பவை. கார்பன் சட்டத்தில் விரிசல், சீட் போஸ்ட் இறுகிப்போயிருப்பது, அந்தக் கம்பெனிக்கே உரிய பாகங்கள் இன்னும் கிடைக்கின்றனவா என்பது — இவற்றைப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இன்னொன்று: கோவாவுக்குப் போகும் சைக்கிள் பெட்டிக்குள் போக வேண்டும். வயர்கள் எல்லாம் உள்ளே ஓடும் அழகான ஹேண்டில்பாரைக் கழற்றி மாட்டத் தெரியாதவர், பந்தயத்துக்கு முந்தின நாள் மெக்கானிக்கைத் தேடி அலைவார்.

இப்போது சக்கரம். அதற்கும் முன்னால், டயர்! பஞ்சருக்குப் பயந்து போட்ட தடித்த டயரை எடுத்துவிட்டு நல்ல பந்தய டயர் போட்டால் இரண்டும் சேர்ந்து 10 வாட்டுக்கு மேல் மிச்சமாகலாம். விலை சில ஆயிரம்தான். காற்றழுத்தமும் அப்படியே. கல் மாதிரி 120 பிஎஸ்ஐ அடித்தால் வேகம் என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. நம் சாலையில் அப்படி அடித்த டயர் ஒவ்வொரு மேட்டிலும் எகிறி, ஓட்டுகிறவரையே உலுக்கி, சக்தியை வீணாக்கும். 28 மில்லிமீட்டர் அகலமான டயரும் குறைவான அழுத்தமும் வேகமானவை என்று இன்றைய பந்தய வீரர்களே மாறிவிட்டார்கள்.

ஆழமான கார்பன் ரிம் உண்மையிலேயே உதவும், அதில் சந்தேகமில்லை. சக்கரத்தைத் தாண்டும் காற்று குழம்பாமல் போக ஆழமான ரிம் வழிசெய்கிறது. ஸ்டீவ் ஹெட் போன்றவர்கள் 1980-களிலிருந்தே அதன் வடிவத்தைச் செதுக்கிவந்தார்கள். ஆனால் விளம்பரத்தில் வரும் வாட் கணக்கைக் கவனித்துப் படிக்க வேண்டும். காற்றுச் சுரங்கத்தில் சோதனைகள் பெரும்பாலும் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கின்றன. 30-ல் ஓட்டுகிறவருக்கு மிச்சமாகும் வாட் அதில் நான்கில் ஒரு பங்கு. மெதுவாக ஓட்டுகிறவர் சாலையில் அதிக நேரம் இருப்பதால் நிமிடக் கணக்கில் லாபம் அந்த அளவுக்குச் சுருங்கிவிடாது. அப்படியும் கையில் வருவது ஓரிரு நிமிடம். அதற்காக லட்சத்தைத் தாண்டிச் செலவு செய்வதா என்பது அவரவர் பை தீர்மானிக்க வேண்டியது.

ஆழம் கூடக் கூடப் பக்கவாட்டுக் காற்றுக்குச் சக்கரம் பாயாகிவிடும். பின் சக்கரத்தில் அடித்தால் சைக்கிள் சற்றே தள்ளாடும், அவ்வளவுதான். முன் சக்கரத்தில் அடித்தால் ஹேண்டில்பாரே திரும்பும். ஹவாயின் கோனாவில் அடிக்கும் காற்று அவ்வளவு மோசம் என்பதால் அங்கே நடந்த அயன்மேன் உலக சாம்பியன் போட்டிகளில் பல ஆண்டுகள் டிஸ்க் வீலுக்கு அனுமதியே இருந்ததில்லை. சென்னையில் காலை ஆறு மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்றும் தெரியாது. நண்பகலை நெருங்கிக் கடற்காற்று எழும்பிய பிறகு தெரியும். 55 கிலோ எடையுள்ளவர் முன்னால் 40 மில்லிமீட்டர், பின்னால் 60 என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பின்னால் டிஸ்க் வேண்டுமென்று ஆசைப்படுகிறவருக்குச் சாதாரணச் சக்கரத்தின் மேல் பொருத்தும் பிளாஸ்டிக் மூடிகளும் இருக்கின்றன. பார்க்கக் கொஞ்சம் மட்டம், வேலை கச்சிதம்.

வாங்கும்போது பொருந்துமா என்று பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிஸ்க் பிரேக் சைக்கிளில் ரிம் பிரேக் சக்கரம் ஏறாது. அச்சு வகையும் ஹப் அகலமும் வேறு. கார்பன் ரிம்மில் பிரேக் பிடிக்கத் தனிக் கட்டைகள் வேண்டும். டயரைப் பிடிக்க உள்விளிம்பில் கொக்கி இல்லாத ‘ஹுக்லெஸ்’ ரிம்களில் 5 பாருக்கு, அதாவது ஏறத்தாழ 72 பிஎஸ்ஐக்கு மேல் காற்றடிக்கக் கூடாது; எல்லா டயரும் பொருந்தவும் செய்யாது. ஆழமான ரிம்முக்கு நீளமான வால்வு வேண்டும். பையில் இருக்கும் ஸ்பேர் டியூபுக்கும் அதே நீளம் வேண்டும். பஞ்சரான பிறகு இதைக் கண்டுபிடித்துச் சாலையோரம் உட்கார்ந்தவர்கள் உண்டு.

முடிந்தால் முதல் பந்தயத்துக்குச் சக்கரத்தைத் தெரிந்தவரிடம் இரவல் வாங்குங்கள். ஆனால் பந்தயத்தன்று முதல் முறையாக மாட்டாதீர்கள். காற்று எழும்பும் நேரத்தில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள், பிரேக்கும் கியரும் அந்தச் சக்கரத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். கடைசியாக ஹேண்டில்பாரின் குழாய் முனைகளைத் தடவிப் பாருங்கள். அவை மூடியிருக்க வேண்டும் என்பது விதி. மூடி இல்லாத சைக்கிளை நடுவர்கள் பந்தயத்தில் இறக்க விடமாட்டார்கள்.